கடைசி வாங்கில் இருந்தவருக்கு

அன்புடையீர்,

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவின் பெறுபேறு நேற்று மாலை என் கைக்குக் கிடைத்தது; சித்தியடைந்துவிட்டேன். சென்ற ஆண்டு என் வீட்டில் நடந்ததையும், படிப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதி அதைக் கைப்பையிலேயே இரண்டு வாரம் கொண்டு திரிந்ததையும் இதனை வாசிப்போரில் பலர் அறிவீர்கள். அவற்றை மறுபடி எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை.

என் பாடவேளைகளை முகங்கோணாமல் ஏற்றுக்கொண்ட சக ஆசிரியைகள், லீவுப் படிவங்களில் காரணம் கேளாமல் கையொப்பமிட்ட அதிபர், கொட்டாஞ்சேனையிலிருந்து 176ஆம் இலக்க பஸ்ஸில் நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்துக்கு நான் புறப்பட்ட நாள்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமி, ஒப்படைகளைத் தட்டச்சுச் செய்து தந்த தங்கை ஆகிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆயினும் இம்மடலின் பெரும்பகுதி எங்கள் பாடசாலையின் இரவுக் காவலாளி ஐயாவுக்கே உரியது.

கற்பித்தல் பயிற்சியின் இறுதி மதிப்பீடு நெருங்கியபோது, வீட்டில் ஒத்திகை பார்க்க வழியில்லாமையால், காலை ஆறு மணிக்கு வகுப்பறையைத் திறந்துதர முடியுமா என்று அவரிடம் கேட்டேன். கடமை முடிந்து வீட்டுக்குப் போகவேண்டியவர், கதவைத் திறந்துவிட்டதோடு நில்லாமல், பிளேன்டீக் கோப்பையுடன் கடைசி வாங்கில் அமர்ந்துகொண்டார். செங்கோண முக்கோணியின் பக்கங்களைத் தொடர்புபடுத்தும், தரம் 9க்குரிய பைதகரசுத் தொடர்பை நான் வெறும் வாங்குகளுக்குக் கற்பித்து முடித்ததும், "குறை நினைக்காதீங்க டீச்சர், எழுதுறப்ப நீங்க போர்டோடதான் பேசுறீங்க" என்றார். முதலில் எனக்குக் கோபமே வந்தது. ஆனால் ஏழு ஆண்டுக் கற்பித்தலில் எவரும், என் மாணவர்கள்கூட, இதை எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் அவர் ஒரு நூல் உருண்டையுடன் வந்தார். காவல் வேலைக்கு வருமுன் அவர் மேசனாக இருந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. அத்திவாரம் வெட்டுமுன் மூலை சரியான செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் மூன்றடியும் மறுபக்கம் நான்கடியும் அளந்து அடையாளமிட்டு, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று நூல் பிடிப்பது வழக்கம் என்று விளக்கிய அவர், கரி படிந்த விரலால் நூலில் முடிச்சுகளைத் தொட்டுக்காட்டினார். பாடக்குறிப்பை அன்றிரவே மாற்றி எழுதினேன். மதிப்பீட்டு நாளில் பலகையில் எதையும் எழுதுமுன், நூலை மாணவரிடம் கொடுத்து வகுப்பறையின் மூலையை அளக்கச் சொன்னேன். மூன்றினதும் நான்கினதும் வர்க்கங்களான 9உம் 16உம் சேர்ந்து, ஐந்தின் வர்க்கமான 25 ஆவதைப் பின்னர் அவர்களே கண்டு சொன்னார்கள். மேற்பார்வையாளர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, நூலின் மறுநுனியைத் தாமே பிடித்துப் பார்த்தார்.

2014ஆம் ஆண்டின் இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பில், பட்டம் மட்டும் உடையவருக்கு 3-I (அ) தரமும், இந்த டிப்ளோமாவும் உடையவருக்கு அதைவிட உயர்ந்த 2-II தரமும் வகுக்கப்பட்டுள்ளன. அந்தத் தரத்துக்காகவும் சம்பளத்துக்காகவுமே நான் விண்ணப்பித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகளின் பக்கம் திரும்பி நின்று பேசுவதற்கு மாத்திரம் வேறோர் ஆசான் தேவைப்பட்டார்.

நன்றிக்கு அடையாளமாக நான் கொண்டுபோன சேட்டுத் துணியை, மிகவும் வற்புறுத்திய பின்னரே ஐயா வாங்கிக்கொண்டார். நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, "அது உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்" என்று மறுத்துவிட்டார். அது இப்போது என் மேசை லாச்சியில் இருக்கிறது. எங்கள் பாடசாலையிலிருந்து இவ்வாண்டு இன்னும் இரண்டு ஆசிரியைகள் இதே கற்கைநெறிக்குப் பதிந்திருக்கிறார்கள். அவர்களுடைய ஒத்திகை நாள்களில் காலை ஆறு மணிக்குக் கடைசி வாங்கில் நான் இருப்பேன். பிளேன்டீயையும் நானே கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஒரு கணித ஆசிரியை, கொழும்பு