பழைய மின்சார காரை முழு சார்ஜில் பார்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மின்சார கார் வாங்குவோருக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், வண்டியை நூறு சதவீதம் சார்ஜ் செய்யச் சொல்லி, டேஷ்போர்டு எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று பார்த்தாலே பேட்டரியின் நிலை தெரிந்துவிடும் என்றிருந்தது. தெரியாது. பெரும்பாலான கார்களில் அந்த எண், வண்டி கடைசியாக ஓடிய விதத்தை வைத்துப் போடும் மதிப்பீடுதான். ஏசி போடாமல் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சில நாள் உருட்டினால், தேய்ந்த பேட்டரியும் நல்ல எண்ணைக் காட்டும். விற்பவர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நம்புவது அவரவர் விருப்பம்.

சார்ஜ் குறைவாக இருக்கும்போதுதான் வண்டியைப் பார்க்க வேண்டும். பேட்டரிக்குள் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். நிசான் லீஃபில் அப்படி 96 ஜோடிகள். ஒன்று காலியானால், மற்ற 95-இல் மிச்சம் இருந்தும் பயனில்லை. பேட்டரியைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பான பிஎம்எஸ் மொத்த வண்டியின் சக்தியையும் குறைத்துவிடும். 80 சதவீத சார்ஜில் நல்ல செல்லும் நோஞ்சான் செல்லும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜைத்தான் காட்டும். 15, 20 சதவீதத்துக்கு இறங்கும்போதுதான் நோஞ்சான் தனியே சரியும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினித் தகவல்களைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் புளூடூத் டாங்கிள் என்ற சிறு கருவியைச் செருகி, செல்போனில் அந்த மாடலுக்கான ஆப்பில் அதிகபட்ச, குறைந்தபட்ச செல் வோல்டேஜைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது வித்தியாசம் 20, 30 மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை. பிறகு காலிச் சாலையில் விற்பவரை ஓட்டவிட்டு, ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். எல்லா செல்லும் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து ஏற வேண்டும். மற்றவை 3.5 வோல்ட்டில் நிற்க, ஒவ்வொரு முறையும் அதே எண்ணுள்ள செல் மட்டும் 3.3-க்கு விழுந்தால், விலை பேசாமல் வந்துவிடலாம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் சார்ஜ் அடிமட்டத்துக்கு வரும்போது செல்களுக்கிடையே வித்தியாசம் கூடுதலாகவே இருக்கும். அங்கே எண்ணைவிட, ஒரே செல் திரும்பத் திரும்பப் பிந்துகிறதா என்பதே முக்கியம்.

பேட்டரியின் ஆரோக்கியம் என்று ஆப் காட்டும் எஸ்ஓஹெச் சதவீதமும் பிஎம்எஸ்ஸின் மதிப்பீடுதான். பழைய லீஃப்களில் அந்தக் கணக்கைக் கருவி வைத்து அழித்து, தேய்ந்த பேட்டரிக்கும் டேஷ்போர்டில் கொள்ளளவைக் காட்டும் 12 கட்டையையும் எரிய வைக்கும் வித்தை உண்டு. சில வாரம் ஓடிய பிறகே கட்டைகள் உண்மைக்கு இறங்கும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும்.

இந்த வித்தையில் சிக்காமலிருக்க, கொள்ளளவை நாமே கணக்கிட்டுவிடலாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 90 சதவீதத்திலிருந்து 30 வரை ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். 110 கிலோமீட்டர் ஓடி, சராசரிச் செலவு 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் என்று காட்டினால், செலவானது 15.4 யூனிட். அது 60 சதவீதம் என்பதால் முழுக் கொள்ளளவு சுமார் 25.7. புதிதில் பயன்படுத்தக்கூடிய அளவு 30 யூனிட் என்றால், மிச்சம் 86 சதவீதம். விளம்பரத்தில் போடும் மொத்தக் கொள்ளளவோடு ஒப்பிட்டால் நல்ல பேட்டரியும் மோசமாகத் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு ஏசி ஓடவிடாதீர்கள்; சில மாடல்களின் ட்ரிப் கணக்கில் அது சேராது. சார்ஜ் ஏற்றும்போது சுவர் மீட்டர் காட்டும் யூனிட்டை வைத்துக் கணக்கிடுவோர், சார்ஜரில் வீணாகும் 10 முதல் 15 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். எல்எஃப்பி வண்டியாக இருந்தால் முன்தினமே 100 சதவீதம் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். வெகுநாள் முழுதாக ஏற்றாவிட்டால் அந்தச் சதவீத எண்ணே பிசகிவிடும்.

வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தில் நசுங்கல், கூலன்ட் கசிவு, தண்ணீரில் நின்ற தடம் இருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி பலவீனமானால் பொய்யான எச்சரிக்கைகள் வரும். அதைப் பார்த்துப் பெரிய பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம்.

பேட்டரி வாரண்டி பல நிறுவனங்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் என்ற நிபந்தனையோடு வருகிறது. அது அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா என்று ஆவணத்தில் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டைச் சான்றாக ஏற்க மாட்டார்கள். சர்வீஸ் சென்டரின் அளவீட்டு அறிக்கைதான் செல்லும்.

இப்படிக்கு,
மின்வாகனப் பணிமனை வாசகர் ஒருவர்