கையில் வெண்ணெய், நெய்க்கு அலைச்சல்: எங்கள் ஊர் வெண்ணெய் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வெண்ணெய் விற்கும் கடைக்காரர்களுக்கும், அந்தக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனங்களின் விற்பனைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கிருஷ்ண ஜெயந்திக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய அரைக் கிலோ வெண்ணெயைப் பற்றித்தான் இந்த மடல். உப்பு போடாததுதான் வேண்டும் என்று போனில் சொன்னேன். வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. ஆனால் வந்த சரக்கு உப்பு போட்டது. மறுநாள் கேட்டபோது, "உப்பு இல்லாதது வரலக்கா, அதான் இதைக் குடுத்து விட்டோம். ரெண்டும் வெண்ணெய்தானே?" என்றார் கடைத் தம்பி. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இந்தப் பதிலை நான் வேறு கடைகளிலும் கேட்டிருக்கிறேன், ஒருவர் பெயரை மட்டும் எழுதுவது நியாயமாகாது.

பார்சலை வாங்கி வைத்தவர் என் மாமியார். நான் வேலைக்குப் போயிருந்தேன். அத்தைக்குத் தமிழ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. அட்டையின் முன்பக்கம் பெரிய படமும் பெரிய பெயரும் இருந்தன. உப்பு சேர்த்திருக்கிற விஷயம் பின்பக்கம், எறும்பு ஊர்கிற மாதிரியான ஆங்கில எழுத்தில் இருந்தது. மருமகள் சொன்னதைத்தான் கடைக்காரர் அனுப்பியிருப்பார் என்று நம்பி அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். நம்பியதில் என்ன தப்பு?

பண்டிகைச் சமையலை எங்கள் வீட்டில் பூஜை முடியும் வரை யாரும் ருசி பார்ப்பதில்லை. உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் சீடை மாவில் போன வெண்ணெயிலும், கண்ணன் முன்னால் சர்க்கரை கலந்து வைத்த வெண்ணெயிலும், நெய் காய்ச்ச அடுப்பில் ஏற்றிய மிச்ச வெண்ணெயிலும் உப்பு இருந்தது சாயங்காலம் வரை ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணன் புகார் எதுவும் சொல்லவில்லை. பிரசாதத்தை வாயில் போட்ட பிள்ளைகள் சொன்னார்கள். வெல்லச் சீடை லேசாகக் கரித்தது, அதைக்கூட ஒரு புது ருசி என்று சமாளித்துவிடலாம்.

நெய்க் கசண்டுதான் சமாளிக்க முடியாமல் போனது.

நெய் காய்ச்சும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கைக்கீரையை உருவிப் போடுவதும், அது மொறுமொறுவென்று கசண்டோடு அடியில் தங்குவதும், அந்தச் சட்டியிலேயே சுடுசாதத்தைப் போட்டுப் பிசைவதும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அத்தைக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு ஊறுகாய் போச்சு, அப்பளம் போச்சு, கருவாடும் போச்சு. அளவாகச் சாப்பிடலாம் என்று மிஞ்சியிருந்த ஒரே ஆசை இந்தச் சட்டிச் சாதம். உப்பே போடாமல் ருசிக்கிற சாதம் என்பதால்தான் அதற்கு அனுமதி. அன்றைக்கு ராத்திரி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் உப்பே போடலையேம்மா, எப்படி இவ்வளவு கரிக்குது? எனக்குத்தான் கை தடுமாறிடுச்சா?" என்று என்னிடம் கேட்டார். கை தடுமாறியது யாருக்கு என்று அவரிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கொஞ்சம் கணக்குப் போடலாம், வியாபாரிகளுக்குக் கணக்கு பிடிக்கும். அட்டையின் பின்பக்கம் 100 கிராமுக்கு இவ்வளவு மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. கடையில் கிடைக்கும் உப்பு வெண்ணெய் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருக்கும், சட்டம் 3 சதவீதம் வரை விடுகிறது. 100 கிராமுக்கு 2 கிராம் என்றால் அரைக் கிலோவில் 10 கிராம் உப்பு. தோசைமேல் ஒரு துண்டு போட்டுச் சாப்பிடுகிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. 10 கிராம் வெண்ணெய்க்கு 200 மில்லிகிராம் உப்புதான் வரும், ஒரு துண்டு ஊறுகாயில் அதைவிட அதிகம் இருக்கும். ஆனால் நெய் காய்ச்சும்போது கதை வேறு. உப்பு கொழுப்பில் கரையாது. தண்ணீர் ஆவியாகிவிடும், நெய் தெளிந்து நிற்கும், காய்ச்சிய வெண்ணெயின் உப்பு கிட்டத்தட்ட முழுசாகக் கசண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரைக் கிலோவையும் காய்ச்சினால் ஒரு கைப்பிடிக் கசண்டில் இரண்டு நாள் உப்பு கிடக்கும். எங்கள் வீட்டில் காய்ச்சியது மிச்ச வெண்ணெய்தான், அதன் உப்பு அத்தனையும் சட்டியின் அடியில் கிடந்தது. அதை ரத்த அழுத்தக்காரர் தட்டில் போட்டிருக்கிறோம்.

ஆகவே ஐயா, அம்மா, கேட்பது இவ்வளவுதான்: உப்பு போடாத வெண்ணெயையும் கடையில் வையுங்கள். எது உப்பு போட்டது, எது போடாதது என்று அட்டையின் முகப்பில் தமிழில் பெரிதாகப் போடுங்கள்.

உப்பு வெண்ணெய்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ரொட்டியில் தடவ, பாவ்பாஜி செய்ய, தோசைக்கல்லில் ஒரு துண்டைத் தேய்க்க அதுதான் நன்றாக இருக்கும். அதில் உப்பு சேர்ப்பதற்குக் காரணமும் இருக்கிறது. வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் வரை தண்ணீர். போட்ட உப்பு அத்தனையும் அந்தக் கொஞ்சம் தண்ணீரில் கரைந்து நிற்பதால் அது கெட்டியான உப்புநீர் ஆகிவிடுகிறது, கிருமி எளிதில் பெருகாது. மே மாத வேலூர் வெயிலில், கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், கடைக்காரருக்கு அது எவ்வளவு நிம்மதி என்று எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் நிம்மதிக்காகப் போட்ட உப்பை எல்லா வீட்டுச் சட்டியிலும் ஏன் இறக்குகிறீர்கள்? நெய் காய்ச்ச, இனிப்பு செய்ய, முறுக்கு மாவில் பிசைய, வீட்டில் கேக் சுட உப்பு போடாததுதான் வேண்டும். கைக்குழந்தைக்குப் பருப்புச் சாதத்தில் சேர்ப்பதாக இருந்தாலும் அதுதான். ஒரு வயது வரை குழந்தை உணவில் உப்பே வேண்டாம் என்பது டாக்டர்கள் எல்லோரும் சொல்வது. உப்பு இல்லாத வெண்ணெயில் வேண்டிய உப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா?

இலை போட்டுப் பரிமாறும்போது உப்பை ஓரத்தில் ஒரு சிட்டிகை தனியாக வைப்பது நம் வழக்கம். வேண்டுமென்றால் தொட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அந்த முடிவு சாப்பிடுகிறவருடையது.

நான் பேசிப் பார்க்காமல் எழுதவில்லை. "உப்பில்லாததைக் கேட்க ஆள் இல்லை" என்கிறீர்கள். கேட்கிற ஆள்தான் உங்கள் எதிரில் நிற்கிறேன். "பேக்கரிக்காரங்க ஆர்டர் குடுத்தாதான் வரும், அரைக் கிலோ கட்டிதான் வரும்" என்கிறீர்கள். உப்பு போட்டது 100 கிராமில் வருகிறது, போடாதது மட்டும் ஏன் அரைக் கிலோவுக்குக் குறையாது? "சீக்கிரம் கெட்டுடும்" என்கிறீர்கள். ஐஸ்கிரீம் பெட்டியின் ஒரு மூலையில் போட்டு வைத்தால் உறைந்து மாதக்கணக்கில் நிற்கும், அந்தப் பெட்டி உங்கள் கடை வாசலிலேயே இருக்கிறது. ஒரு பெரியவர் "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பழமொழியே சொன்னார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கும் ஒரு பழமொழி தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம். ஜெயந்தியிலிருந்து உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

1930இல் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்தவர்கள் உப்பு எடுக்கப் போனார்கள். நாங்கள் உப்பு இல்லாததற்காக சத்துவாச்சாரியிலிருந்து தோட்டப்பாளையம், அங்கிருந்து காட்பாடி என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவதா என்பார்கள். நீங்கள் கொடுக்கிற வெண்ணெய் கையில் இருந்தால் அலையத்தான் வேண்டியிருக்கிறது.

பால் இல்லாத ஊராக இருந்தால் மனசு ஆறும். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் போய் நின்றால் எத்தனை மாடு கை மாறுகிறது என்று பார்க்கலாம். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து பானையில் தண்ணீர் ஊற்றி, அதில் வெண்ணெய் உருண்டைகளை மிதக்கவிட்டு வாசலுக்கே கொண்டுவந்து விற்ற ஆயாக்களை அத்தை இன்னும் சொல்கிறார். அந்த வெண்ணெயில் உப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. தினமும் தண்ணீர் மாற்றினார்கள், இரண்டொரு நாளில் காய்ச்சினார்கள், தீர்ந்தது. வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒரு கேலி சொல்வார்கள், உங்களுக்கும் தெரியும்: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் சாமி விஷயம் 1981இல் சரியாகிவிட்டது, இதே சத்துவாச்சாரியிலிருந்துதான் லிங்கம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிப் போனது. அந்தக் கேலியில் காலியான இடத்தில் உப்பில்லாத வெண்ணெயைச் சேர்த்துவிடாதீர்கள்.

இதோடு இன்னொன்றும். வெண்ணெய் அலமாரியிலேயே, வெண்ணெய் மாதிரியே மஞ்சள் அட்டையில், தாவர எண்ணெயில் செய்த தடவல் டப்பாவை அடுக்கி வைக்கிறீர்கள். அவசரத்தில் எடுக்கிறவர் அதையும் வெண்ணெய் என்றே எடுத்துப் போகிறார். அதைக் காய்ச்சினால் என்ன வரும் என்று நீங்களே ஒருமுறை காய்ச்சிப் பாருங்கள். பட்டர் பிஸ்கட், பட்டர் பன் என்று விற்கிறதில் பட்டர் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. மாவரைத்து விற்கிறவர்களும் இப்போது உப்பைப் போட்டே விற்கிறார்கள், உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் "எல்லாருக்கும் ஒரே மாவுதாங்க்கா" என்று பதில் வருகிறது. எல்லோருடைய ரத்த அழுத்தமும் ஒன்றாக இருந்தால் சரிதான். இது வேறு சண்டை, விட்டுவிடுகிறேன்.

கோபத்தில் நாலு வார்த்தை கூடிப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் உங்கள் கடைக்குத்தான் வரப்போகிறேன், பாலும் தயிரும் உங்களிடம்தான் வாங்குகிறோம், அதில் எந்தக் குறையும் சொன்னதில்லை.

கடைக்காரர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: கேட்டது இல்லையென்றால் வேறு ஒன்றை மாற்றி அனுப்பாதீர்கள். "இல்லை, இது இருக்கிறது, அனுப்பட்டுமா?" என்று ஒரு போன் போடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பாவது எங்களுக்குக் கிடைக்கும்.

நிறுவனத்தாரைக் கேட்டுக்கொள்வது: உப்பு போடாத வெண்ணெயை 100 கிராம் பொட்டலத்திலும் போட்டு, தீபாவளிக்கும் ஜெயந்திக்கும் மட்டுமில்லாமல் ஆண்டு முழுக்க எங்கள் ஊர்க் கடைகளுக்கு அனுப்புங்கள். முகப்பில் 'உப்பு சேர்த்தது', 'உப்பு சேர்க்காதது' என்று கண்ணாடி போடாமலே வாசிக்கிற அளவில் தமிழில் அச்சடியுங்கள். இரண்டுக்கும் அட்டையின் நிறத்தையும் வேறாக வைத்தால் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் உதவும்.

தீபாவளிக்கு நெய் காய்ச்ச ஐப்பசி பிறந்ததும் ஒரு கிலோ வேண்டியிருக்கும், உப்பு போடாதது. முன்பணம் கேட்டாலும் தருகிறேன். எடுத்து வைத்துவிட்டுச் சொல்லியனுப்பினால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளர்