பண்டிகையின் பெயரைச் சொல்லியே வாழ்த்து, மகளே

அன்புள்ள மகளுக்கு,

சின்னம்மா எழுதுகிறேன். தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘இனிய பண்டிகைக் கால வாழ்த்துகள்’ என்று ஒரே அட்டை, டிசம்பரில் ஒரே விருந்து என்று பினாங்கில் உங்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பேச்சு நடப்பதாகச் சொன்னாய். அட்டையின் மாதிரியை அனுப்பி, எப்படி இருக்கிறது என்றும் கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவோம், அதனால் எழுதுகிறேன். பல அலுவலகங்களில் இதே பேச்சு ஓடுவதால் வலைப்பதிவிலேயே போடுகிறேன்.

எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. யார் மனமும் நோகக் கூடாது என்ற உன் எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் யார் மனமும் நோகாமல் இருக்க எல்லார் பண்டிகையின் பெயரையும் எடுத்துவிடுவது சரியான வழி இல்லை.

போன வருஷம் வாசலில் போட்ட கோலத்தில் லட்சுமி உருவம் இருந்ததாகவும், அதைப் பற்றிச் சிலர் முறையிட்டதாகவும் சொன்னாய். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாமி உருவத்தை ஆள் நடமாடும் தரையில் வரைவது நமக்கே உறுத்த வேண்டிய விஷயம். மயிலும் குத்துவிளக்கும் போட்டிருந்தால் நம் ஆட்களும் நிம்மதியாக இருந்திருப்பார்கள், மற்றவர்களும் பக்கத்தில் நின்று படம் எடுத்திருப்பார்கள். நீ அனுப்பிய காணொளியில் மலாய்ப் பெண் ஒருத்தி பச்சைச் சாயம் ஏற்றிய அரிசியைக் கிண்ணத்திலிருந்து சிட்டிகை சிட்டிகையாகக் கோட்டுக்குள் தூவுகிறாள். சீனப் பையன் ஒருவன் நூல் பிடித்து வட்டத்துக்குச் சாக்பீஸில் அளவு குறிக்கிறான். அவர்களுக்கு அது தீபாவளிக் கோலம் என்று தெரியும். தெரிந்துதான் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் படத்தை மாற்றுங்கள், கோலத்தை ஏன் நிறுத்த வேண்டும்?

நம் வீட்டில் எப்படி என்று யோசித்துப் பார். தீபாவளிக்கு முந்தின நாள் மாலை முன்னோருக்குப் படையல். அதற்கு விருந்தாளி கிடையாது. உன் தாத்தாவுக்குப் பிடித்த நெத்திலிப் பொரியல் வரைக்கும் இலையில் வைத்து, குடும்பமாக விழுந்து கும்பிட்டு எழுகிறோம். மறுநாள் எண்ணெய்க் குளியலும் பூஜையும் முடிந்த பிறகு கதவைத் திறந்து வைக்கிறோம். முதலில் வருவது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக்தான். அவருக்காக ஹலால் கடையில் கோழி வாங்கித் தனிச் சட்டியில் சமைக்கிறோம். பெருநாளன்று அவர் மாட்டு ரெண்டாங் சமைத்தாலும் நமக்கென்று கோழி ரெண்டாங் வைத்துத்தான் கொடுத்தனுப்புவார். இது எப்படி வந்தது? நாம் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று நமக்குத் தெரியும். உன் அட்டையை அனுப்ப இதில் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

கும்பிடுவது நம்முடையது, அதில் கலப்படம் வேண்டாம். வாழ்த்து எல்லாருக்கும் பொது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் பினாங்கு ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் புறப்பட்டதும், வழியெல்லாம் சீனர்கள் தேங்காயை மலையாகக் குவித்து வைத்துக் காத்திருப்பதை நீயும் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். 2017-லிருந்து தங்க ரதம், வெள்ளி ரதம் என்று இரண்டு ரதங்கள் போகின்றன. தேங்காய் உடைக்கும் சீனர்கள் குறைந்தபாடில்லை. ஜூலை 26-ஆம் தேதியை ஒட்டி புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்குப் போனால், மெழுகுவத்தி ஏற்றும் கூட்டத்தில் நெற்றியில் திருநீறு இட்டவர்களையும் பார்க்கலாம். யாருக்காகவும் தைப்பூசமும் செயின்ட் ஆன் திருநாளும் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

வாழ்த்துச் சொன்னாலே மதம் போய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2006 தீபாவளி நேரத்தில் ஒரு காப்புறுதி நிறுவன அதிகாரி, இந்துக்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டாம் என்று முஸ்லிம் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அது நாடு முழுக்கப் பேச்சானது. நம்மவர்களிலும் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ சொல்லக் கூடாது என்று வாட்சாப்பில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரு தோழியின் பண்டிகையைப் பெயர் சொல்லி வாழ்த்துவதால் என் பூஜை அறையில் எதுவும் குறைவதில்லை. ஆனால் பார், அவர்கள் பெயரைச் சொல்ல விடுவதில்லை, உன் அட்டையும் சொல்வதில்லை.

அப்புறம், டிசம்பர் விருந்து. மரமும் பனியும் சிவப்புத் தொப்பியும் இருக்கும், இயேசு பிறந்த நாள் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். உன்னோடு வேலை செய்யும் தமிழ்க் கிறிஸ்துவப் பெண்ணுக்கு இதில் என்ன கிடைக்கும்? நமக்கும் தீபாவளி முடிந்து வாரக்கணக்காகியிருக்கும். ஜூன் முதல் நாளில் காவாய் என்னும் அறுவடைத் திருநாளைக் கொண்டாடும் சரவாக் ஊழியர்களுக்கும், மே மாதம் விசாகம் கொண்டாடும் பௌத்தர்களுக்கும் டிசம்பர் எந்தக் கணக்கு?

நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு பண்டிகைக்கும் அதற்குரிய நாளில், அதன் பெயரோடு ஒரு சின்ன அட்டை போதும். ‘தீபாவளி கொண்டாடும் நம் சக ஊழியர்களுக்கு வாழ்த்துகள்’ என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பு. தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் இவருக்குத் தீபாவளி என்று நீயாக முடிவு கட்டாதே. உங்கள் பிரிவிலேயே தமிழ் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். நேப்பாளத் தொழிலாளர்களுக்கு அதே நாள்களில் திகார் என்னும் பண்டிகை வரும், அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு வரி சேர். கேட்கப் போனால்தான் பேச்சு தொடங்கும்.

பண்டிகைகள் ஒட்டி வரும் வருஷங்களில் சேர்த்துக் கொண்டாடுவது தானாகவே நடக்கும். 1996 முதல் 1998 வரை சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தபோது, சீனப் புத்தாண்டு வாழ்த்தான ‘கொங்சி’யையும் பெருநாளைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘ராயா’வையும் சேர்த்துக் கொங்சி ராயா என்றார்கள். 2005-இல் நவம்பர் 1 தீபாவளி, 3-ஆம் தேதி பெருநாள். அதைத் தீபராயா என்றார்கள். அப்போதும் இரண்டு பெயரும் இருந்தன. இஸ்லாமிய ஆண்டு சுமார் பதினோரு நாள் குறைவு என்பதால் பெருநாள் ஒவ்வொரு வருஷமும் முன்னே நகர்ந்துகொண்டே வருகிறது. 2029 பிப்ரவரியில் அது மறுபடி சீனப் புத்தாண்டை ஒட்டி வரும். அந்த வருஷம் ஒரே அட்டை போடு, இரண்டு பெயரையும் முழுசாக எழுதி.

உன் மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இந்தக் கடிதத்தையே மலாயில் மாற்றிக் காட்டு, நான் உதவுகிறேன். கோலத்துக்கு அரிசிச் சாயம் கலக்க ஆள் வேண்டுமென்றாலும் சொல், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சின்னம்மா