தண்ணீர் ஏறுவதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அக்காவின் மூத்தவன் புலமைப் பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான். பொங்கலுக்கு நீ வருவாய் என்று அம்மா வெல்லம் எடுத்து வைத்திருந்தாள். அதை விடு. வேலை இருந்திருக்கும்.

கட்டடத்தில் வயரிங் வேலைக்கு ஏறும்போது மெயின் சுவிட்சை நீயே கீழே தள்ளு. தள்ளியதை நீயே பார். அதற்குப் பிறகுதான் வயரில் கை வைக்க வேண்டும். இன்னொருவன் அணைத்துவிட்டேன் என்று சொன்னால் நம்பாதே. சப்பாத்து இல்லாமல் ஏறாதே. ஐந்து மாதமாக உன் குரல் கேட்காததால் இதைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் போகிற காலம் இது. நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் இரவெல்லாம் நம் ரோட்டில் ஓடுகின்றன. மழை இல்லை. மவுசாகலை நீர்த்தேக்கம் நன்றாக வற்றி, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுன் வெளியே வந்துவிட்டது. கோயில், புத்தர் சிலை இருந்த இடம், பள்ளிவாசல் மூன்றும் தெரிகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை நான் இறங்கிப் போனேன். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கோயில் வாசற்படியில் ஒட்டியிருந்ததைக் குச்சியால் சுரண்டினேன். உள்ளே சின்னச் சின்ன நத்தை ஓடுகள். அதற்கும் கீழே, ஓரம் தேய்ந்து வழவழப்பான கல். அந்தத் தேய்வில் என் அம்மாவின் காலும் இருக்கிறது, என் காலும் இருக்கிறது.

1969-இல் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது எனக்கு எட்டு வயது. உன் தாத்தா என்னைத் தோளில் வைத்துக் கடைசியாக டவுனைக் காட்டக் கூட்டிப் போனார். கடைக்காரர்கள் தகரத்தைக் கழற்றித் தலையில் சுமந்து மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிலையோடு கதவைப் பெயர்த்துத் தூக்கிப் போனார். வெள்ளம் போலத் தண்ணீர் பாய்ந்து வரவில்லை. நாங்கள் கரையில் குச்சி நட்டு வைப்போம், மறுநாள் காலையில் குச்சி இருக்காது. அவ்வளவுதான். கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் விகாரையின் பிரித் ஓதுதலும் ஒரே பள்ளத்தில் கேட்ட ஊர். தண்ணீர் மூன்றையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டது. என் அம்மாவுக்கு, உன் அப்பாயிக்கு, முட்டை கொண்டுவந்து கொடுத்த சிங்களப் பாட்டியும் அப்பாயியும் இந்தப் படியில் சேர்ந்து உட்கார்ந்து அழுதார்கள். நம் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாயி முதலில் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்பாள். உன் அம்மாவும் அப்படித்தான். இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

இந்த மலையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எஞ்சினியர் விமலசுரேந்திர 1918-லேயே எழுதினார். 1950-இல் லக்சபான மின் நிலையம். 1965-இல் காசல்ரீ தண்ணீரை வைத்து நோர்ட்டன் பிரிட்ஜில் ஒன்று. பிறகு நம் மவுசாகலை. ஒரே தண்ணீர் கெனியனில் சுற்றி, நியூ லக்சபானவில் சுற்றி, பொல்பிட்டியவில் சுற்றி, களனி கங்கையாகக் கொழும்புக்கு இறங்குகிறது. அம்பத்தலையில் அதைத்தான் எடுத்துச் சுத்தம் செய்து குழாயில் விடுகிறார்கள். நீ அங்கே குடிக்கும் தண்ணீர் நம் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே நின்ற தண்ணீர், மகன். உன்னிடம் யாராவது ஊர் கேட்டால் மஸ்கெலியா என்று சொல். ஹட்டனும் நல்ல ஊர்தான். ஆனால் நீ பிறந்தது மஸ்கெலியா.

கொழும்பு முழுவதும் எரிந்த வெளிச்சம் நம் லயத்துக்கு 1996-இல்தான் வந்தது. இருபத்தேழு வருடம் அணைக்கட்டைப் பார்த்துக்கொண்டு குப்பி விளக்கில் இருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நீ அந்தப் புகையில் எழுத்துப் படித்தவன், காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். பதின்மூன்று வயதில் நீ ஸ்டூல் மேல் ஏறி அடுத்த காம்பராவுக்கு ஹோல்டர் மாட்டினாய். பிறகு பன்னிரண்டு காம்பராவுக்கும் வயர் இழுத்துக் கொடுத்தாய், ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. இன்றைக்கும் வீட்டு முன் இஸ்தோப்பில் பல்ப் எரிந்தால் உன் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு வேறு சொத்து இல்லை.

நம் தோட்டத்து மேற்கணக்குப் பையன் ஒருவன் உன்னைப் புறக்கோட்டையில் கண்டானாம். கூப்பிட்டானாம். உனக்குக் கேட்கவில்லையாம். பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது. நீ தனியாக இல்லை என்றும் சொன்னான். மேலே நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. ஆனால் பெற்றவர்கள் மலையிலே இருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு என்ன தடை இருக்கிறது? இத்தனை வருடம் கொழுந்து பறித்த கை அம்மாவுடையது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீண்டும் எடுக்கிறேன். உன்னைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று இரவெல்லாம் யோசித்தேன்.

உன் பெரியப்பா இந்தியாவுக்குப் போனது உனக்குத் தெரியும். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் நம் தோட்டத்து ஆட்களை 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அண்ணன் கல்யாணம் முடித்த வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போர்ட். 1973-இல் ஹட்டனில் ரயில் ஏறினார். பெட்டி முழுக்க ஒப்பாரி. தலைமன்னாரில் கப்பல், பிறகு கூடலூர் பக்கம் சேரம்பாடியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம். அங்கிருந்து காகிதம் போடுவார். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன், அவள் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவேன்.

பிறகு வந்த காகிதங்களில், அம்மாவை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினார். தாத்தா இறந்து போயிருந்தார். அம்மாவும் போய்விட்டால் அந்தக் காம்பராவில் நான் ஒருவன்தான். அந்த வரியை நான் படிக்கவில்லை. அடுத்த காகிதத்தைப் படிக்கவே இல்லை. வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மொத்தம் நான்கு. தேயிலை டின்னில் போட்டுக் கூரைத் தகரத்துக்கு அடியில் வைத்தேன். பதில் எதுவும் போகாததால் அவரும் நிறுத்திக்கொண்டார். 1982-இல் அப்பாயி படுக்கையில் கிடந்தபோது தினமும், பெரியவன் காகிதம் போட்டானா என்று கேட்பாள். இல்லை என்பேன். கடைசி நாளும் இல்லை என்றுதான் சொன்னேன். டின் அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவள் இறந்ததையும் அண்ணனுக்கு நான் எழுதவில்லை. எழுதினால் மற்றதையும் எழுத வேண்டி வரும்.

இது உன் அம்மாவுக்கும் தெரியாது. பேசாமல் இருப்பது நாளுக்கு நாள் எப்படி இறுகும் என்பது எனக்குத் தெரியும். முதல் மாதம் நாளை எழுதலாம் என்று தோன்றும். ஒரு வருடம் ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாது. உனக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கிறது.

டின் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. நீ வந்தால் சேரம்பாடிக்கு ஒரு காகிதம் எழுத வேண்டும். அண்ணன் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருப்பார்கள். எனக்குக் கை நடுங்குகிறது, நான் சொல்ல நீ எழுது.

வைகாசி மழை பிடித்தால் கோயில் மறுபடியும் உள்ளே போய்விடும். அதற்கு முன்னே வா. தனியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. அக்கா முன் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறாள். அம்மா ஏன் என்று கேட்டாள், சும்மா என்றேன். புதிதாக இரண்டு தலையணை வாங்கி வைத்திருக்கிறேன்.

மெயின் சுவிட்சை மறக்காதே.

அப்பா