மகளுக்கு: நெக்ஸஸ் அட்டை எடுப்பது பற்றி

அன்பு மகளுக்கு,

வின்சரில் இருந்து எல்லை கடந்து டிட்ரோயிட்டுக்கு வேலைக்குப் போய் வர எந்த அட்டை எடுப்பது என்று நேற்றுப் போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. நீ இரவு வேலை முடித்துக் களைத்திருந்தாய், சின்னவளும் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். அதனால் எழுதி அனுப்புகிறேன். மருமகனோடு இருந்து ஆறுதலாக வாசி.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கனடா, அமெரிக்க எல்லையைக் கெதியாகக் கடக்க இரண்டு நாடுகளும் சேர்ந்து கொடுக்கும் நெக்ஸஸ் அட்டையை எடு. வேறு எதையும் தேடி மினக்கெடாதே. ஆனால் நீ மட்டும் எடுக்காதே, மூன்று பேருக்கும் சேர்த்து எடு. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

உன்னோடு டிட்ரோயிட்டில் வேலை செய்யும் பிள்ளைகள், விமான நிலையத்தில் அமெரிக்காவுக்குள் கெதியாக நுழைய விடும் குளோபல் என்ட்ரிதான் நல்லது என்று சொன்னதாகச் சொன்னாய். அவர்களுக்கு அது சரி, அவர்கள் அமெரிக்கர்கள். கனடியக் குடியுரிமை உள்ள நீ குளோபல் என்ட்ரிக்கு நேரே விண்ணப்பிக்க முடியாது. உனக்கு அந்தச் சலுகை நெக்ஸஸ் வழியாகத்தான் கிடைக்கும். நெக்ஸஸ் இருந்தால் அமெரிக்க விமான நிலையங்களில் குளோபல் என்ட்ரி இயந்திரத்தையும் பாவிக்கலாம். இன்னொன்றையும் கவனி. குளோபல் என்ட்ரி அட்டை வைத்திருப்பவர் அமெரிக்காவுக்குள் போகும்போது நெக்ஸஸ் பாதையில் போகலாம், கனடாவுக்குத் திரும்பும்போது போக முடியாது. பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வருகிற உனக்குத் திரும்பி வருகிற பாதைதான் முக்கியம்.

அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையைக் கெதியாக முடித்துப் போகிற டிஎஸ்ஏ ப்ரீசெக் பற்றியும் கேட்டாய். அதற்கென்று தனியாக விண்ணப்பிக்கும் வழி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்ட் உள்ளவர்களுக்கும்தான். கனடியக் குடிமக்களுக்கு நெக்ஸஸோடு அதுவும் வந்துவிடும். டிக்கெட் எடுக்கும்போது அட்டையின் பின்பக்கம் இருக்கும் உறுப்பினர் இலக்கத்தை அதற்கான பெட்டியில் போட்டால் சரி. சென்ட்ரி என்பது மெக்சிக்கோ எல்லைக்கு உரியது, அது உனக்குத் தேவையில்லை. நான் வைத்திருந்த ஃபாஸ்ட் அட்டை லொறிச் சாரதிகளுக்கானது. ஒண்டாரியோ முன்பு கொடுத்துவந்த விசேட லைசன்ஸைக் காட்டி எல்லை கடந்தவர்கள் இருந்தார்கள், அதை 2019 இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே உனக்கு இருப்பது நெக்ஸஸ் ஒன்றுதான்.

இந்த அட்டைகள் ஏன் வந்தன என்று உனக்குச் சரியாகத் தெரியாது, நீ அப்போது சின்னப்பிள்ளை. நெக்ஸஸ் 2000 ஆம் ஆண்டில் ஒண்டாரியோவின் சார்னியாவையும் மிச்சிகனின் போர்ட் ஹியூரனையும் இணைக்கும் பாலத்தில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நியூயோர்க்கில் கோபுரங்கள் விழுந்ததோடு எல்லை இறுகிப்போனது. வின்சரையும் டிட்ரோயிட்டையும் இணைக்கும் அம்பாசிடர் பாலத்துக்குப் போகிற வீதி முழுக்க லொறிகள் மணிக்கணக்காக நின்றன. நின்ற லொறிகளுக்குள் கார்த் தொழிற்சாலைகளுக்குப் போகவேண்டிய பாகங்கள் இருந்தன. அவை போய்ச் சேராமல் தொழிற்சாலைகளில் வேலை நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. எல்லாரையும் ஒரே அளவுக்குச் சோதிக்க முடியாது, முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொண்டவர்களைக் கெதியாக விட்டுவிட்டு, தெரியாதவர்களில் நேரத்தைச் செலவழிப்போம் என்பதுதான் அதன் அடிப்படை. நெக்ஸஸ் விரிவானதும் லொறிச் சாரதிகளுக்கு ஃபாஸ்ட் வந்ததும் அதற்குப் பிறகுதான். எங்களைப் போல அகதியாக வந்து, ஒவ்வொரு எல்லையிலும் சந்தேகக் கண்ணைப் பார்த்தே பழகியவர்களுக்கு அந்த அட்டை கையில் கிடைத்தது சின்ன விஷயமாக இருக்கவில்லை. இரண்டு நாடுகள் என் பெயரையும் கைரேகையையும் பார்த்துவிட்டு, இவரை நம்பலாம் என்று எழுதித் தந்திருக்கின்றன என்று உன் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது.

இனி மூன்று பேர் விஷயம். நெக்ஸஸ் பாதையில் போகும் காரில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அட்டை இருக்கவேண்டும். பின்சீட்டில் நித்திரை கொள்கிற குழந்தைக்கும் வேண்டும். ஒருவரிடம் இல்லாவிட்டால் கார் முழுக்கச் சாதாரண வரிசைக்குத்தான் போகவேண்டும். அப்படி நெக்ஸஸ் பாதையில் போய் மாட்டினால் அட்டை உள்ளவருக்கும் பிரச்சினை. நீ வேலைக்குத் தனியே போகிற நாட்களுக்கு உன் அட்டை போதும். சனி ஞாயிறுகளில் குடும்பமாக அந்தப் பக்கம் போனால் அதனால் ஒரு பயனும் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, தாய் தகப்பனில் ஒருவர் உறுப்பினராக இருந்தால் அல்லது கூடவே விண்ணப்பித்தால், கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு 120 அமெரிக்க டொலர். 2024 ஒக்டோபர் 1 வரை 50 டொலராகத்தான் இருந்தது, அன்றைக்குக் கூட்டிவிட்டார்கள். கூடத்தான், ஆனால் ஐந்து ஆண்டுக்குப் பிரித்துப் பார்த்தால் மாதம் இரண்டு டொலர். சில கிரெடிட் கார்டுகள் இந்தக் காசைத் திருப்பித் தருகின்றன, உன்னுடையதில் இருக்கிறதா என்று பார். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் கட்டிய காசு திரும்பி வராது.

மருமகனிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் கனடிய நிரந்தர வதிவிட அட்டையும் இருக்கிறது. வதிவிட அட்டை உள்ளவர்களும் நெக்ஸஸுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் நெக்ஸஸ் கிடைத்துவிட்டது என்று அமெரிக்க வீசாவைப் பற்றி அவர் அலட்சியமாக இருக்கக்கூடாது. வீசா வேண்டியவருக்கு நெக்ஸஸ் இருந்தாலும் வீசா வேண்டும். வீசா முடிகிற தேதியை இப்போதே எழுதி வைக்கச் சொல். ப்ரீசெக் விஷயமும் அவருக்கு வேறு, உனக்குக் கிடைப்பது அவருக்கும் கிடைக்கும் என்று நினைத்து டிக்கெட் போடவேண்டாம்.

உனக்கும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. நீ அங்கே வேலை செய்வது டிஎன் நிலையில், அதாவது வர்த்தக உடன்பாட்டின்படி சில தொழில் செய்கிற கனடியர்களுக்கு அமெரிக்கா கொடுக்கும் வேலை அனுமதியில். நெக்ஸஸ் எல்லையைக் கெதியாகக் கடக்க உதவும், வேலை செய்யும் உரிமையை அது தராது. டிஎன் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் ஆஸ்பத்திரிக் கடிதம், நர்ஸ் சான்றிதழ் எல்லாம் கொண்டு சாதாரண வரிசையால் போய் அதிகாரியோடு கதை. மற்ற நாட்களிலும் அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று காரில் இருக்கட்டும். எங்கே போகிறாய் என்று கேட்டால் ‘வேலைக்கு’ என்று நேரே சொல்லு.

விண்ணப்பம் இணையத்தில்தான். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தளம் அது, முகவரி டாட் ஜிஓவி என்று முடியும். கூகுளில் தேடினால் மேலே வருகிற விளம்பரங்களில் மேலதிகக் காசு வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதே.

படிவத்தில் நேரம் எடுக்கப்போவது இரண்டு இடம். ஒன்று, கடந்த ஐந்து ஆண்டில் இருந்த முகவரிகள், செய்த வேலைகள், போன நாடுகள். எதிலும் இடைவெளி விடாதே. ஸ்காபரோவில் எங்களோடு இருந்த காலம், ஹமில்டனில் படித்த அறை, இப்போது வின்சர், எல்லாவற்றையும் மாதத்தோடு எழுது. யாழ்ப்பாணத்துக்குப் போனது, கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போனது, இடையில் இறங்கித் தங்கிய துபாய், ஒன்றையும் விடாதே. பழைய பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பு.

மற்றது பெயர். இதில்தான் எங்கள் ஆட்கள் மாட்டுப்படுவது. உன் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் முழு நீளத்துக்கு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அதுவே கடைசிப் பெயர், லைசன்ஸில் இடம் போதாமல் வெட்டுப்பட்டிருக்கிறது. மருமகனுக்குத் தகப்பன் பெயர் வெறும் இனிஷலாக இருந்து பிறகு விரித்து எழுதினது. சின்னவளின் கடைசிப் பெயர் உங்கள் இருவருடையதோடும் பொருந்தாது. இதில் குற்றம் ஒன்றுமில்லை, உலகத்தில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்கிறது என்று நினைத்துச் செய்த படிவம் அது. ஆனால் பாவித்த வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் எல்லா வடிவத்தையும் எழுது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே விண்ணப்பத்தின் பெயர் இருக்கட்டும். லைசன்ஸில் வின்சர் முகவரி மாற்றிவிட்டாயா? ஒண்டாரியோவில் ஆறு நாளுக்குள் மாற்றவேண்டும், நீ இன்னும் எங்கள் முகவரியை வைத்திருக்கிறாய் என்று எனக்குச் சந்தேகம். அதை முதலில் செய்.

பிறகு இரண்டு நாடுகளும் தனித்தனியே விசாரிக்கும். ஒரு நாடு மறுத்தாலும் அட்டை இல்லை. முதற்கட்டம் சரி வந்தால் நேர்முகத்துக்கு நாள் எடுக்கலாம். இரண்டு நாட்டு அதிகாரிகளும் உன்னோடு கதைக்கவேண்டும். சில மையங்களில் இரண்டும் ஒன்றாக முடியும், சில இடங்களில் இரண்டு தடவை போகவேண்டும். நாள் எடுக்கும்போது உன் கணக்கில் அதை வடிவாகப் பார். பாஸ்போர்ட், வதிவிட அட்டை, லைசன்ஸ், வீட்டு முகவரிக்கு ஒரு பில், கார் பதிவு, சின்னவளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள், படமும் எடுப்பார்கள்.

அட்டை தபாலில் வந்ததும் அதே தளத்தில் போய் இயக்கிவைக்க வேண்டும். அதற்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. கூடவே தரும் உறைக்குள்ளேயே வைத்திரு. பாதைக்குள் போனதும் அட்டையை உறையில் இருந்து எடுத்து, அதைப் படிக்கும் கருவிக்கு நேரே காட்டவேண்டும். அதிகாரியின் யன்னலுக்கு நீ வரமுன்பே உன் படம் அவர் திரையில் வந்துவிடும். வின்சர், டிட்ரோயிட் சுரங்கப்பாதையிலும் அம்பாசிடர் பாலத்திலும் நெக்ஸஸ் பாதை இருக்கிறது, ஆனால் எல்லா நேரமும் திறந்திருக்கும் என்று நம்பாதே. இரவு வேலைக்குப் போகிறவள் நீ, நேரத்தைப் பார்த்து வை. டோல் காசு தனி. நயாகராவில் வேர்ல்பூல் பாலம் நெக்ஸஸ்காரருக்கு மட்டுமேயானது. கோடையில் மற்றப் பாலங்களில் கார்கள் நிற்கும்போது நீங்கள் அந்தப் பக்கத்தால் போய்விடலாம்.

இனிச் சொல்லப்போவதை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக வாசி.

இந்த அட்டையை எடுப்பதைவிட வைத்திருப்பதுதான் கஷ்டம். அதுவும் பெரிய குற்றத்தால் அல்ல, சாப்பாட்டுச் சாமானால் போகும். நீ ஸ்காபரோவுக்கு வந்தால் அம்மா கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் என்று ஒரு பை கட்டித் தருவாள். அது வின்சர் வீட்டோடு நிற்கவேண்டும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் ஒரு சின்னப் பூச்சி அந்த இலையில் வாழும். புளோரிடாவில் பல தோடந்தோட்டங்கள் அந்த நோயால் அழிந்துபோயின, ஆகவே அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்காபரோக் கடையில் வாங்கியது என்று சொன்னாலும் அவர்கள் பார்ப்பது அது எங்கே விளைந்தது என்பதைத்தான். சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு தோடம்பழமும் இதற்குள் அடக்கம். எது விடுவார்கள், எது விடமாட்டார்கள் என்று நீ கணக்குப் போடாதே. இருக்கிறதைச் சொல்லு. சொன்னால், ஆகாத சாமானை எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டு அவர்கள் கண்டுபிடித்தால் அபராதமும் வரும், அட்டையும் போகும்.

என்னோடு ஓடிய ஒரு சாரதி இரண்டு பெட்டி சிகரெட்டை இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னார். நல்ல மனிதர், வேறு ஒரு கெட்டபழக்கமும் இல்லை. ஃபாஸ்ட் அட்டை போனது, அதோடு எல்லை கடக்கிற ஓட்டமும் போனது. பிறகு ஊருக்குள் சின்ன வண்டி ஓட்டி, வீட்டுக் கடன் கட்ட அவர் பட்ட பாட்டை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

கஞ்சாவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், நீ பாவிப்பதில்லை என்று தெரியும். ஒண்டாரியோவிலும் சட்டபூர்வம், மிச்சிகனிலும் சட்டபூர்வம், ஆனால் நடுவில் இருக்கும் எல்லையைத் தாண்டி எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் குற்றம். நண்பர்கள் யாரையும் காரில் ஏற்றினால் அவர்கள் பைக்குள் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேள். அவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. பத்தாயிரம் டொலருக்கு மேலே காசு கொண்டுபோனாலும் அறிவிக்கவேண்டும், கொண்டுபோவது தடையில்லை. அட்டை இருந்தும் சில நாள் உள்ளே வரச்சொல்லிக் காரைத் திறந்து பார்ப்பார்கள். அதற்காக முகத்தைச் சுருக்காதே, எல்லாருக்கும் இடைக்கிடை நடப்பதுதான்.

மருமகனுக்கு ஒரு தகவல். இந்தியாவும் இப்படி ஒரு திட்டத்தை 2024 ஜூனில் டில்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை உட்பட வேறு விமான நிலையங்களுக்கும் கொண்டுவந்திருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் பதிவு செய்தால் மீனம்பாக்கத்தில் குடிவரவு வரிசையில் நிற்காமல் மின்கதவால் போகலாம். தொடங்கியபோது கட்டணம் வாங்கவில்லை. தகப்பனைப் பார்க்க அடிக்கடி போகிறவர், செய்து வைக்கட்டும்.

நேர்முகத்துக்குச் சின்னவளையும் கூட்டிப்போக வேண்டும். நாள் கிடைத்ததும் எனக்குச் சொல்லு, நானும் அம்மாவும் முதல் நாளே வின்சருக்கு வந்துவிடுவோம். நீ வேலை முடித்து வந்து கொஞ்சம் நித்திரை கொள், நான் உங்களைக் காரில் கொண்டுபோய் இறக்குகிறேன். அதற்கு முதல் அந்த லைசன்ஸ் முகவரி.

அன்புடன்,
அப்பா