ஸ்டியரிங் அலைந்தால் முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஓடும் பழைய பென்ஸ், ஜாகுவார் கார்கள் சில, ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டக்கூடாது என்பதற்காகப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகியிருக்கும்; இல்லாவிட்டால் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்த வேறு வண்டி ஸ்பிரிங் ஏறியிருக்கும். பிறகு ‘ஸ்டியரிங் அலையுது’ என்று போனால், ஸ்டியரிங் பாக்ஸின் ஸ்க்ரூவை இறுக்கி அனுப்புகிறார்கள். இது பெரிய தவறு. அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே இருக்கும் கியர் பல் நடுவில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. நல்ல பாக்ஸும் தேய்ந்து வீணாகும்.

கணக்கு எளிது. 1976-இல் வந்த பென்ஸ் டபிள்யூ 123 செடானின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,795 மி.மீ. பின்பக்கத்தை 25 மி.மீ. தூக்கினால் பாடி அரை டிகிரி முன்னால் சாயும்; காஸ்டரும் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) அரை டிகிரி குறையும். 50 மி.மீ. என்றால் ஒரு டிகிரி. சக்கரத்தை நேராக்கிக் கொடுப்பதே காஸ்டர்தான். அது குறைந்த வண்டியை முட்டுக்காடு பாலத்துக் கடல் காற்றில் ஓட்டிப் பாருங்கள், கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும்.

முன்பக்கத்தில் பாதிப்பு வேறு. உயரம் மாறியதும் சக்கரத்தைத் திருப்பும் டை ராடும், அதைத் தாங்கும் கீழ் ஆர்மும் வெவ்வேறு வட்டத்தில் ஏறி இறங்கும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறி வண்டி தானே திரும்பும். பெட்ரோல் வண்டியில் கனமான டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே விட்டாலும் இதே கதைதான்.

கம்பி கனத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். 14 மி.மீ. கம்பிக்குப் பதில் 15 மி.மீ. போட்டால், மற்ற அளவுகள் அப்படியே இருந்தாலும், விறைப்பு சுமார் 32 சதவீதம் கூடும். வேலை செய்யும் 7 சுற்றில் ஒன்றை வெட்டினால் 17 சதவீதம். வெட்டிய முனை, ஸ்பிரிங் பொருந்தும் குழியில் சரியாக உட்காராது. சூடு காட்டி இறக்குவது அதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும்.

டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் நிறுத்தி, வண்டியை நாலு தடவை அமுக்கி விட்டு, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு பக்கமும் டேப் பிடியுங்கள். ஸ்பிரிங்கை ஜோடியாகவே மாற்ற வேண்டும், அதன்மேல் உள்ள வண்ணக் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். சிறு வித்தியாசத்துக்கு பென்ஸில் ரப்பர் பேட் இருக்கிறது: முன்பக்கத்துக்கு 8, 13, 18, 23 மி.மீ. கனத்தில் வரும். பேட் ஓரத்து மேடுகளை விரலால் தடவி எண்ணினால் ஒன்று முதல் நான்கு வரை, எந்தக் கனம் என்று தெரிந்துவிடும். ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் இருந்தால் 5 மி.மீ. பேட், சக்கரத்தில் 10 மி.மீ. ஆகிவிடும் என்பதை மறக்காதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் முன் ஸ்பிரிங்கில் கை வைக்கவே கூடாது. ஆர்ம் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு உயரத்தையே மாற்றும்.

இதெல்லாம் முடிந்த பிறகே கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), காஸ்டர், கடைசியாக டோ என்று சரிசெய்ய வேண்டும். நகரின் அலைன்மென்ட் கடைகள் தரும் சீட்டில் இந்த நான்கு உயர அளவுகளையும் எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய கார் பராமரிப்பாளர்கள், சென்னை