திருப்பூருக்குத் தேவை உப்புக் கணக்கு

நொய்யல் படுகைக்கான சுற்றுச்சூழல் குறியீடுகளைத் தேர்வு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத முறைக்குத் தொழில் மாறியது. ஆனாலும் "இத்தனை லட்சம் லிட்டர் சுத்திகரித்தோம்" என்ற எண்ணைச் சாதனையாகக் காட்டும் வழக்கம் போகவில்லை. பம்பு எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. அதன் இடத்தில் உப்புக் கணக்கை வையுங்கள்.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் உப்பு, கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ துணிக்கு 360 கிராம். துணியில் அது தங்குவதில்லை. அலசலில் கிட்டத்தட்ட முழுவதும் வெளியேறிவிடும். நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் உயிரியல் தொட்டி பி.ஓ.டி.யைக் (கரிமக் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவை) குறைக்குமே தவிர உப்பைத் தொடாது. சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே வாங்கிய உப்பு எங்கோ இருந்தே தீரவேண்டும்.

பட்டறையையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையும் சேர்த்து ஓர் எல்லை போடுங்கள். அந்த மாதம் வாங்கிய உப்பிலிருந்து கையிருப்பில் கூடியது, கொட்டகையில் சேர்ந்த, மீண்டும் பயன்படாத கலப்பு உப்பு, ரசீதோடு வெளியே போனது ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதே, அதாவது கணக்கில் வராமல் போன உப்பே, நமக்கு வேண்டிய எண். மீட்டுத் திரும்பப் பயன்படுத்திய உப்பைக் கழிக்கக் கூடாது. அது எல்லைக்குள்ளேயே சுற்றுகிறது. கலப்பு உப்பை உலர்ந்த எடையில்தான் எழுத வேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் காணாமல் போன உப்பின் இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிடும், கணக்கும் அழகாக நேராகிவிடும். சோடா, காஸ்டிக், அமிலம் ஆகியவையும் கடைசியில் உப்பாகத்தான் வந்து சேரும். அவற்றையும் வரவில் எழுதுங்கள்.

கிலோ துணிக்கு எவ்வளவு உப்பு என்று ஒப்பிடும்போது அடர் நிறம், வெளிர் நிறம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெளிர் நிற ஆர்டர் அதிகம் வந்த மாதத்தில் ஒன்றும் செய்யாமலே முன்னேற்றம் தெரியும்.

இதற்குத் துணையாகப் புதுத் தண்ணீர்க் கணக்கு. உலர்த்தியிலும் பாய்லர் நீராவியிலும் போவது நியாயமான இழப்பு. அதைத் தள்ளியும், 90 சதவீதம் மீட்பதாகச் சொல்லும் பட்டறை தன் தேவையில் 30 சதவீதத்துக்கு லாரித் தண்ணீர் வாங்கினால் மிச்சம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். ஃப்ளோ மீட்டரைக் கழிவுநீர்க் குழாயில் மட்டும் மாட்டினால் இது தெரியாது. போர்வெல்லிலும் லாரி இறக்கும் தொட்டியிலும் வேண்டும்.

ஆற்றில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின்) அளவை மட்டும் வெளியிடாதீர்கள். நாளுக்கு 1 கோடி லிட்டர் ஓட்டத்தில் லிட்டருக்கு 3000 மில்லிகிராம் என்றால் 30 டன் உப்பு. 10 கோடி லிட்டரில் 1000 மில்லிகிராம் என்றால் 100 டன். லிட்டருக்கான அளவு மூன்றில் ஒன்றாகக் குறைந்தும் ஆறு சுமக்கும் மொத்த உப்பு மும்மடங்குக்கு மேல். ஓட்டத்தையும் அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்தால்தான் இது பிடிபடும்.

கிணறுகளுக்கு மே, ஜனவரி இரு அளவீடுகள் போதும். ஆனால் ஆண்டுதோறும் அதே கிணறுகள், மின்கடத்துதிறன் (கரைந்த உப்பைக் காட்டும் அளவு) நிலைபெறும் வரை இறைத்த பின் எடுத்த மாதிரி, குளோரைடும் சல்பேட்டும் தனித்தனியாக. நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கைக்கு இந்தக் குறியீட்டு அட்டவணையில் வேலையே இல்லை.

உப்புக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் சராசரி போடாமல், நிலையம் வாரியாக, மாதம்தோறும் வெளியிடுங்கள். மீட்டர் பழுதான நாட்களை மதிப்பீட்டால் நிரப்பாமல் காலியாகவே விடுங்கள்.

இப்படிக்கு,
நொய்யல் படுகை நீர்க் கண்காணிப்பில் ஈடுபட்டுள்ளோர்